மடியில கனம், வழியில பயமே இல்லை

ஜூன் கடைசி, ஜூலை வந்துட்டா எங்க ஊருக்கு ஒரு மவுசு வந்துரும் மக்களே. மத்த மாசமெல்லாம் "சுந்தரபாண்டியபுரமா? அது எங்கே இருக்கு?"ன்னு கேக்குற ஆளு, சூரியகாந்தி பூத்த உடனே "உங்க ஊர்லதானே அந்தத் தோட்டம், வழி சொல்லுங்க"ன்னு போன் போடுவார். 1992-ல 'ரோஜா' படத்துல எங்க ஊரைக் காட்டினாங்க. 2005-ல 'அந்நியன்' படத்துக்காகப் பாறையில நடிகர்கள் முகத்தை வரைஞ்சுட்டுப் போனாங்க, அது பேரே 'அந்நியன் பாறை'ன்னு ஆயிப்போச்சு. இப்போ அதெல்லாம் தாண்டி ரீல்ஸ் காலம். குற்றாலத்துல குளிச்சுட்டு, தென்காசி வழியா வந்து, மஞ்சப் பூவுக்கு நடுவுல நின்னு படம் எடுத்துட்டுப் போற கூட்டம். ஆரியங்காவு தாண்டி மலையாளத்துக்காரங்களும் வண்டி வண்டியா வர்றாங்க. வரட்டும், நல்லா இருக்கட்டும். சோளக்கருது சுட்டு விக்கிறவங்க நாலு பேருக்கு வியாபாரம்.

நான் பேச வந்தது பூவைப் பத்தி இல்ல, அந்த வண்டிகளைப் பத்தி. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க ஊர் ரோட்டோரம் நின்னு பாருங்க. மேல்கூரை திறக்குற கார் ஒண்ணு வரும். அந்த ஓட்டை வழியா ரெண்டு பொடிசுங்க இடுப்பு வரைக்கும் வெளிய நின்னு கை ஆட்டிட்டுப் போகும். அடுத்த கார்ல அப்பா வண்டி ஓட்டுவார், அவர் மடியில ஒரு ரெண்டு வயசு ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கும். அதுக்கு அடுத்த கார்ல முன்சீட்டுல அம்மா, அம்மா மடியில கைக்குழந்தை. இந்த மூணாவது கார்தான் நம்ம எல்லார் வீட்டுக் காரும். முதல் ரெண்டைப் பார்த்து "என்ன ஜனங்கப்பா"ன்னு தலையில அடிச்சுக்கிறவங்ககூட மூணாவதைப் பார்த்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அம்மா மடியைவிட பத்திரமான இடம் உலகத்துல உண்டா?

உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், டீ கீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

"மடியில கனம் இருந்தா வழியில பயம்"னு ஒரு சொலவடை இருக்குல்ல. அதுல வர்ற மடி வேட்டி மடிப்பு, கனம்னா காசு. காசை முடிஞ்சுட்டுப் போறவன் வழியெல்லாம் பயந்துட்டுப் போவான். நாம காசைவிடப் பெரிய கனத்தை மடியில வச்சுக்கிட்டு நூறு நூத்தம்பது கிலோமீட்டர் ஒரு பயமும் இல்லாம போறோம். பயப்படுறதெல்லாம் வேற இடத்துல.

எங்கேன்னு கேளுங்க. விமானத்துல.

என் தங்கச்சி துபாய்ல இருக்கா. ரெண்டு பிள்ளைங்க, ஒண்ணுக்கு ஒரு வயசு, இன்னொண்ணுக்கு மூணரை. லீவுக்கு ஊருக்கு வரணும்னா ரெண்டு மாசம் முன்னாடியே வீட்டுல மாநாடு ஆரம்பிச்சுரும். "பிளேன்ல அழுதா என்ன செய்ய?", "காது அடைச்சுருமே", "பால் கொண்டுபோக விடுவானா?", "பக்கத்து சீட்டுக்காரன் மொறைப்பானே". ஆச்சியில இருந்து அடுத்த வீட்டு மதினி வரைக்கும் ஆளுக்கு ஒரு யோசனை. விமானம் நாலு மணி நேரம். அதுக்கு இவ்வளவு ஏற்பாடு. திருவனந்தபுரத்துல இறங்கினதுக்கப்புறம் நெடுமங்காடு, குளத்தூப்புழா, தென்மலை, ஆரியங்காவு, செங்கோட்டைன்னு மலையைச் சுத்தி வர்ற நூத்திச்சொச்சம் கிலோமீட்டரைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை? "அதான் மாமா கார் எடுத்துட்டு வந்துருவான்லா." முடிஞ்சது.

விமானத்தைப் பத்தின பயத்தை முதல்ல தட்டி வச்சுருவோம், அது சுலபம். உள்ள இருக்குற காத்தழுத்தம் ஏறக்குறைய ஆறாயிரத்துல இருந்து எட்டாயிரம் அடி உயரத்துல இருக்குற மாதிரி வச்சிருப்பாங்க. கொடைக்கானல் ஏழாயிரம் அடி. ஆக, குழந்தையோட உடம்பைப் பொறுத்தவரைக்கும் துபாய்ல இருந்து திருவனந்தபுரம் வர்றது கொடைக்கானல் ஏறி இறங்குற மாதிரிதான். என்ன, வேகமா இறங்குது. பெரியவங்களுக்குக் காது அடைச்சா எச்சில் முழுங்கிச் சரிபண்ணிக்குவோம். சின்னதுக்குக் காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல இருக்குற குழாய் ரொம்பக் குறுகல், முழுங்கணும்னும் அதுக்குத் தெரியாது. அதனால இறங்க ஆரம்பிக்கிறப்போ பால் கொடுத்தா போதும், தானா முழுங்கும். இதுல ஒரு சூட்சுமம். இறங்குறதுங்கிறது சக்கரம் தரையைத் தொடுறப்போ இல்ல. அதுக்கு இருபது முப்பது நிமிஷம் முன்னாடியே ஆரம்பிச்சுரும். நிறைய பேர் சீட் பெல்ட் போடச் சொல்ற வரைக்கும் காத்திருந்து, அதுக்குள்ள பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பிச்சு, அப்புறம் எந்தப் பாலையும் வாயில வாங்காது. பாலும் குழந்தைச் சாப்பாடும் அந்த நூறு மில்லி கணக்குல வராது, கேட்டா சொல்லிட்டு எடுத்துட்டுப் போகலாம். கடுமையான சளி இருந்தா மட்டும் கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை.

இவ்வளவுதான் மேட்டர். அழுதா? அழட்டும். இதுல எனக்கு ஒரு கறாரான அபிப்பிராயம் உண்டு. குழந்தை அழுகைக்குப் பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட மன்னிப்பு கேட்டு மிட்டாய்ப் பொட்டலமும் காதடைப்பானும் கொடுக்குற பழக்கம் வெளிநாட்டுல ஆரம்பிச்சு இப்போ நம்ம ஆளுங்களுக்கும் தொத்திக்கிச்சு. எதுக்குங்கறேன்? அதுவும் பயணிதான். நாலு மணி நேரம் சத்தமா வியாபாரம் பேசுறவர் யாருக்கு மிட்டாய் கொடுத்தார்? :-) பொதிகை எக்ஸ்பிரஸ்ல குழந்தை அழுதா எதிர் சீட்டுப் பெரியம்மா "இங்க கொடு தாயி"ன்னு வாங்கி வச்சுக்கும். அதே பெரியம்மா விமானத்துல ஏறினா மட்டும் முகத்தைத் திருப்பிக்கும். உயரம் போகப் போக மனசு சுருங்குது போல.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். விமானத்துலயும் மடிதான். ரெண்டு வயசுக்குக் கீழே இருந்தா தனி சீட்டு எடுக்கவேண்டியதில்ல, மடியில வச்சுக்கலாம். நம்ம ஊர் விமானங்கள்ல பெரும்பாலும் உங்க பெல்ட்டோட சேர்த்து மாட்டுற சின்ன பெல்ட் ஒண்ணு தருவாங்க. அமெரிக்காவுல அதுவும் கிடையாது, வெறும் கைதான். இதைப் பத்தி அங்கே முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு சண்டை நடக்குது. அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா நம்ம நெடுமங்காட்டு ரோடு நல்லா புரியும்.

1989 ஜூலை 19. டென்வர்ல இருந்து சிகாகோ போன யுனைடெட் 232 விமானம். நடுவானத்துல வால்பக்க எஞ்சின் வெடிச்சு, விமானத்தைத் திருப்புற கட்டுப்பாடு மொத்தமும் போச்சு. விமானிகள் மத்த ரெண்டு எஞ்சினோட வேகத்தைக் கூட்டிக் குறைச்சே சூ சிட்டிங்கிற ஊர் வரைக்கும் கொண்டுவந்தாங்க. அன்னிக்கு மடிக் குழந்தைகள் நாலு பேர் இருந்தாங்க. தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், அப்போ இருந்த விதிமுறைப்படி, குழந்தைகளைத் துணி சுத்தித் தரையில, கால் பக்கத்துல வச்சுப் பிடிச்சுக்கங்கன்னு சொன்னாங்க. விமானம் ஓடுதளத்துல மோதி உடைஞ்சது. நூறு பேருக்கு மேல செத்தாங்க, அதைவிட அதிகமான பேர் பிழைச்சது அதிசயம். அந்த நாலு குழந்தையில ஒரு பையன் பிழைக்கல. பிழைச்சு வெளிய வந்த தாய் ஒருத்தி, குழந்தையைத் தேடி ஜான் பிரவுன் முன்னாடியே வந்து நின்னாங்க. அதுக்கப்புறம் அந்தம்மா பல வருஷம் அலைஞ்சாங்க, குழந்தைக்கும் தனி சீட்டு, தனிப் பிடிப்பு கட்டாயமாக்குங்கன்னு. விபத்துகளை விசாரிக்கிற வாரியம் அந்தம்மா பக்கம் நின்னது. விமானத்துறை மட்டும் முடியாதுன்னுடுச்சு.

ஏன் முடியாதுன்னு சொன்னாங்கங்கிறதுதான் விஷயம். 2005-ல அவங்க சொன்ன கணக்கு: குழந்தைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னா செலவு கூடும். செலவு கூடினா சில குடும்பங்கள் விமானத்தை விட்டுட்டுக் கார்ல போகும். கார்ல போனா விமானத்துல சாகுறதைவிட ரொம்ப அதிகமா குழந்தைங்க சாகும். அதனால மடியிலயே இருக்கட்டும், தனி சீட்டு எடுத்தா நல்லதுன்னு அறிவுரை மட்டும் சொல்லுவோம்!

இந்தக் கணக்கை முதல்ல படிச்சப்போ எனக்கு எரிச்சலா இருந்தது. ஒரு ஓட்டையைக் காட்டி இன்னொரு ஓட்டையை அடைக்காம விடுற மாதிரி. ஆனா அதுக்குள்ள இருக்குற உண்மையை மறுக்க முடியாது. அமெரிக்காவுல, அதுவும் கார்ல குழந்தை சீட்டு இல்லாம வண்டியே எடுக்காத ஊர்ல, ரோடுதான் ஆபத்துன்னு அரசாங்கமே சொல்லுது. அப்போ லாரியும் பஸ்ஸும் மாடும் பைக்கும் எதிர்த்திசையில வர்ற டிராக்டரும் இருக்குற நம்ம ரோட்டுல, மடியில வச்சுட்டுப் போற நாம என்ன கணக்கு போடுறோம்?

கணக்குன்னு சொன்னதும் பள்ளிக்கூட பௌதிகம் கொஞ்சம். ஓடாதீங்க. கார் 50 கிலோமீட்டர் வேகத்துல போய் எதுலயாவது மோதி நின்னா, அது மூணாவது மாடியில இருந்து விழுறதுக்குச் சமம். 50-ங்கிறது ஒண்ணும் வேகமே இல்ல, பாவூர்சத்திரம் சந்தைக்குள்ளதான் அதுக்கும் கீழே போவோம். கார் நின்னுரும், உள்ள இருக்குற நாம நிக்க மாட்டோம். பத்தில் ஒரு விநாடியில நின்னுதுன்னு வச்சுக்கிட்டா, 10 கிலோ குழந்தையைப் பிடிச்சு நிறுத்த ஏறக்குறைய 140 கிலோவைத் தூக்குற பலம் வேணும். 25 கிலோ அரிசிச் சிப்பம் அஞ்சரை. எந்தத் தாயோட கையாலயும் முடியாது. அன்பு குறைவுன்னு இல்ல, கை கைதான். அந்தத் தாயும் பெல்ட் போடாம இருந்தா இன்னும் மோசம். முன்னால தூக்கி எறியப்படுற குழந்தைக்கும் வண்டிக்கும் நடுவுல அம்மாவோட மொத்த எடையும் வந்து விழும். சொல்லவே நாக்கு கூசுது. ஆனா சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியப்போறதில்ல.

முன்சீட்டுல மடின்னா அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. ஏர்பேக். புது கார்கள்ல ஓட்டுறவருக்குப் பக்கத்து சீட்டுக்கும் 2021-ல இருந்து அது கட்டாயம். அது கண் சிமிட்டுறதுக்குள்ள வெடிச்சு விரியுற பை. பெல்ட் போட்டு, நகர்ந்து பின்னால சாய்ஞ்சு உக்காந்திருக்குற பெரிய ஆளுக்காகப் பண்ணினது. அதுக்கு ரெண்டு சாண் தூரத்துல ஒரு பச்சக்குழந்தையோட தலை இருந்தா என்ன ஆகும்? 2024 செப்டம்பர் கடைசியில மலப்புறம் மாவட்டத்துல ஒரு கார் லாரியில மோதினது. முன்சீட்டுல அம்மா மடியில இருந்தது 2 வயசுக் குழந்தை. கார்ல இருந்த மத்தவங்களுக்குச் சின்னக் காயங்கள்தான். ஏர்பேக் விரிஞ்சதுல அந்தக் குழந்தை போயிருச்சு. அம்மா மடியில இருந்தபடியே.

அதுக்கப்புறம் அடுத்த மாசமே கேரளாவுல போக்குவரத்து ஆணையர், கார்ல குழந்தைகளுக்குத் தனி சீட்டு கட்டாயம், டிசம்பர்ல இருந்து அபராதம்னு அறிவிச்சார். ஒரே களேபரம். ரெண்டு நாள்ல போக்குவரத்து அமைச்சர் கணேஷ்குமார், அப்படியெல்லாம் இப்போ கட்டாயப்படுத்தப் போறதில்ல, விழிப்புணர்வுதான் நோக்கம்னு சொல்லி மூடி வச்சுட்டார். அவர் பத்தனாபுரம் தொகுதிக்காரர், நம்ம மலைக்கு அந்தப் பக்கம்தான். பிள்ளைங்களை மடியில வச்சுக்கிட்டு எங்க ஊர் பூவைப் பார்க்க வர்ற கார்கள் நிறைய அவர் ஊர் வழியாத்தான் வருது.

இதுல வேடிக்கை என்னன்னா, சட்டம் ஏற்கெனவே இருக்கு. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம், 194பி பிரிவு. 14 வயசுக்குக் கீழே இருக்குற குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம கார்ல கூட்டிட்டுப் போனா 1000 ரூபா அபராதம். தென்காசி மாவட்டம் உதயமான அதே 2019-ல வந்த சட்டம்ங்க. ஹெல்மெட் இல்லாததுக்கு மடக்குற போலீஸ்காரர், மடியில பிள்ளையோட போற காரை மடக்கி நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. மடக்கினா என்ன ஆகும்னும் தெரியும். "பச்சப்புள்ளயை வச்சுட்டுப் போறோம், இரக்கம் இல்லையா சார்?"

இப்போ என் தங்கச்சி வீட்டுக் கதை. துபாய்ல 2017-லயே 4 வயசு வரைக்கும் குழந்தை சீட்டு கட்டாயம்னு ஆக்கிட்டாங்க, இல்லேன்னா 400 திர்ஹாம். எங்க மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில இருந்து குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோன முதல் நாளே சீட்டுலதான் கொண்டுபோனார். அங்கே வழுவழுன்னு ரோடு, வழியில மாடு கிடையாது. அதே மனுஷன், அதே குழந்தை, திருவனந்தபுரத்துல இறங்கினா "ஊருதானே, எதுக்கு அதெல்லாம்"ங்கிறார். அபராதம் இல்லாத இடத்துல பௌதிகமும் இல்லன்னு நினைப்பு! இவர் மட்டும் இல்ல, சிங்கப்பூர், அமெரிக்கான்னு எங்கிருந்து வர்ற நம்ம ஆளுங்களும் அப்படித்தான். குழந்தை சீட்டைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் தனிக் காசு வாங்காம ஏத்திக்குவாங்க. இருந்தும் அந்த எடைக்குப் பால் பவுடரும் பெர்ப்யூமும்தான் வருது.

அதனால சீட்டு நான் வாங்கி வச்சேன். போன தடவை என் கார் மராமத்துல நின்னதால வாடகை வண்டி பேசினேன். சீட்டைப் பார்த்ததும் வண்டிக்காரர் முகம் மாறிப்போச்சு.

"சார், பின்சீட்டு பெல்ட் கொக்கியெல்லாம் கவருக்கு அடியில போயிருச்சே. புது கவர் சார். கிழிக்கச் சொல்லுதீயளா?"

இது அவர் ஒருத்தர் தப்பு இல்ல. நம்ம ஊர்ப் பக்கம் எந்த வாடகை வண்டியிலும் பின்சீட்டைத் தடவிப் பாருங்க, பெல்ட் மாட்டுற கொக்கி அழகா ரெக்சின் கவருக்குள்ள சமாதி ஆகியிருக்கும். கம்பெனி கொடுத்த உயிர்காக்குற பொருளை மூடி, அதுக்கு மேல தலையாட்டுற பொம்மை வச்சிருப்போம். அரை மணி நேரம் கெஞ்சி, கவர் ஓரத்துல நாலு தையலை மட்டும் பிரிச்சு கொக்கியை வெளிய எடுத்தோம். பிரிச்ச தையலுக்கு இருநூறு ரூபா கூடக் கொடுத்தேன். இப்போல்லாம் வண்டி பேசுறப்பவே முதல் கேள்வி ஏசி இருக்கான்னு இல்ல, பின்சீட்டு பெல்ட் வெளிய இருக்கான்னுதான்.

ஊர் வந்து சேர்ந்தா ஆச்சி வாசல்ல நிக்கா. கார்க் கதவைத் திறந்து பிள்ளையைப் பார்த்தா, அவ்வளவுதான்.

"ஏல, பச்ச மண்ண இப்பிடியா கெட்டிப் போட்டு கொண்டாருவிய? அது என்னத்தக் களவாண்டுச்சு?"

சிரிப்பு வந்தாலும், ஆச்சி கேக்குற கேள்வி நியாயமானதுன்னு நான் நினைக்கேன். அவ காலத்துல பிள்ளையைத் தூக்கிட்டுப் போன வண்டி மாட்டுவண்டி. அதுல மடிதான் பத்திரம், சந்தேகமே இல்ல. வண்டி வேகம் மாறிப்போச்சு, மடி மட்டும் மாறல. இதை ஆச்சிகிட்ட சொன்னேன். "வண்டிய மெதுவா ஓட்டு"ன்னா. அதுவும் சரிதான்! ஆனா எதிர்ல வர்றவன்கிட்ட யார் சொல்றது?

கார் கம்பெனிக்காரங்க இப்போ நட்சத்திரத்தைக் காட்டி விளம்பரம் பண்றாங்க. 2023 அக்டோபர்ல இருந்து பாரத் என்கேப்னு நம்ம நாட்டுலயே காரை மோதவிட்டுச் சோதிச்சு நட்சத்திரம் கொடுக்குறாங்க. அதுல பெரியவங்களுக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி. "நம்ம வண்டி அஞ்சு ஸ்டார், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்க ஒண்ணு கவனிக்கணும். அந்தச் சோதனையில ஒன்றரை வயசு, மூணு வயசுக் குழந்தை அளவுல பொம்மை வைப்பாங்க. எங்கே வைப்பாங்க? குழந்தை சீட்டுல. எந்தச் சோதனையிலும் அம்மா பொம்மை மடியில குழந்தை பொம்மையை வச்சு மோதவிடுறதில்ல. மடியில வச்ச குழந்தைக்கு அந்த அஞ்சு நட்சத்திரத்துல அரை நட்சத்திரம்கூடக் கிடையாது.

பின்சீட்டு பெல்ட்னா நினைவு வருது. 2022 செப்டம்பர் 4-ம் தேதி சைரஸ் மிஸ்திரி பால்கர் பக்கம் கார் விபத்துல இறந்தார். விலை உயர்ந்த வண்டி, முன்னால இருந்த ரெண்டு பேரும் பலத்த காயத்தோட பிழைச்சாங்க. பின்சீட்டுல இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. பெல்ட் போடலன்னு போலீஸ் சொன்னது. ஒரு மாசம் நாடே பின்சீட்டு பெல்ட்டைப் பத்திப் பேசுச்சு. அப்புறம் மறந்தாச்சு.

எதிர்வாதம் வரும்னு தெரியும். நானே சொல்லிடுறேன்.

காசு. சீட்டு ஐயாயிரம் ஆறாயிரத்துல ஆரம்பிச்சு நீங்க கேக்குற விலை வரைக்கும் இருக்கு. நாலு வருஷத்துக்கு மட்டும் உபயோகம், அதுக்கா இவ்வளவுன்னு தோணும். பத்து லட்சத்துக்குக் கார் வாங்கி, பளபளன்னு சீட்டு கவருக்கும் பின்னால ஒட்டுற குலசாமி பேருக்கும் செலவு பண்றவங்ககிட்ட இந்த வாதம் எடுபடாது. ஆனா எப்பவாவது வாடகைக் கார் எடுக்குற குடும்பத்துக்கு ஐயாயிரம் பெரிய காசுதான். அது நியாயம்.

பைக். இதுதான் எனக்கு உண்மையிலேயே பதில் தெரியாத கேள்வி. எங்க ஊர்ல பாதிக் குடும்பம் பைக்லதான் போகுது. அப்பா, முன்னால டேங்க்ல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பின்னால அம்மா கையில ஒண்ணு. 2022-ல ஒரு விதி போட்டாங்க, 2023 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்தது: 4 வயசுக்குக் கீழே குழந்தை இருந்தா ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற பட்டை, குழந்தை அளவு ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது. தென்காசி பஜார்ல அந்தப் பட்டை எங்கே கிடைக்கும்னு கேட்டுப் பாருங்க. "பட்டையா? நாமம்தான் இருக்கு"ம்பாங்க. கார்க்காரங்களுக்கு நான் எழுதுற இந்தப் பதிவு பைக்காரங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, ஒத்துக்குறேன். ஆனா அதைக் காரணம் காட்டி கார்ல இருக்குறவங்க மடியில வச்சுக்கிறது எந்த ஊர் சமத்துவம்?

சீட்டுல அழுது. ஆமா, அழும். முதல் நாலஞ்சு தடவை ஊரைக் கூட்டும். ஊசி போடுறப்பவும் அழுதுதான், போடாம விட்டமா? பயணத்தன்னிக்கு முதல் தடவையா சீட்டைக் காட்டினா கண்டிப்பா அழும். அதனால ஒரு வாரம் முன்னாடி சீட்டை வீட்டுக்குள்ள வச்சு அதுல உக்காரவச்சுச் சோறு ஊட்டுங்க. எங்க வீட்டு மூணரை வயசு இப்போ கிளிப்பைத் தானே மாட்டிட்டு, "மாமா, உன் பெல்ட் எங்கே?"ன்னு என்னை மிரட்டுது.

ரெண்டு வயசு வரைக்குமாவது சீட்டைப் பின்பக்கம் பார்த்து வைக்கணும். பின்னாடி பார்த்தா பிள்ளைக்கு ரோடு தெரியாதேன்னு கேப்பாங்க. ரோடு நமக்குத் தெரிஞ்சா போதும். சின்னக் குழந்தைக்கு உடம்பு அளவுக்குத் தலை ரொம்பப் பெரிசு, கழுத்து இன்னும் உறுதிப்படல. முன்னால பார்த்து இருந்தா வண்டி நிக்கும்போது அந்தத் தலை கழுத்தை இழுக்கும். பின்னால பார்த்து இருந்தா முதுகு, கழுத்து, தலை மூணையும் சீட்டு சேர்த்துத் தாங்கிக்கும். ஏர்பேக் இருக்குற முன்சீட்டுல மட்டும் இதை வைக்கவே கூடாது.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தி இறக்கிவிடுங்க, சீட்டுலயே மணிக்கணக்கா தூங்கவிட வேண்டாம். தென்மலைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவுல அந்தப் பதிமூணு கண் பாலத்துப் பக்கம் நிறுத்தினா பிள்ளைக்கும் ஒரு வேடிக்கை. வளைவுல வாந்தி வருமேன்னு பயம் இருந்தா, ரெண்டு வயசுக்குக் கீழே அது அபூர்வம்தான். மூணு நாலு வயசுலதான் ஆரம்பிக்கும். வயிறு முட்ட ஊட்டாம, கையில போனைக் கொடுக்காம, ஜன்னலுக்கு வெளிய பார்க்கவச்சாலே பாதி சரியாகிடும். மீதிக்கு எங்க பக்கம் புளியங்குடி எலுமிச்சம்பழத்தை மோந்துபார்க்கக் கொடுப்பாங்க. அதுல எவ்வளவு மருந்து, எவ்வளவு மனசுன்னு தெரியாது, வாசனை நல்லா இருக்கும். அப்புறம், எவ்வளவு பசியா இருந்தாலும் பிரானூர் பார்டர்ல பரோட்டா சாப்பிட்டுட்டு உடனே அந்தத் தூக்கத்தோட ஓட்டாதீங்க. இது குழந்தைக்கு இல்ல, ஓட்டுற அப்பாவுக்கு.

பெரியவங்க எட்டுப் பேர் ஏறிக்கிட்டு "சீட்டுக்கு இடம் எங்கே?"ன்னு கேக்குறதுதான் கடைசியில பெரிய சண்டை. விமான நிலையத்துக்கு வரவேற்க ஊரே போகணும்ங்கிறது நம்ம வழக்கம். நான் ஒரு வழி பண்ணியிருக்கேன். முதல்ல சீட்டை மாட்டிருவேன். மிச்சம் இருக்குற இடத்துக்குத்தான் ஆள். போன தடவை சித்தப்பாவுக்கு இடம் இல்லாமப் போயி ரெண்டு வாரம் பேசல. இப்போ பேசுறார்.

சீட்டு பரண்லதான் கிடக்கு. தங்கச்சி அடுத்து பொங்கலுக்குத்தான் வரா, அதுவரைக்கும் சும்மாதான் இருக்கும். பிறந்த குழந்தையில இருந்து 18 கிலோ வரைக்கும் தாங்கும், விபத்துல அடிபடாதது, துணியைத் துவைச்சு வச்சிருக்கோம். நம்ம பதிவர்கள் யாராவது திருவனந்தபுரமோ மதுரையோ தூத்துக்குடியோ இறங்கி இந்தப் பக்கம் பிள்ளையோட வர்றதா இருந்தா ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்க, கொடுத்து அனுப்புறேன். வாடகை கிடையாது. ஆனா வண்டி பேசுறப்போ அந்தக் கொக்கியைக் கேட்டு வச்சுருங்க, என்னால இன்னொரு தடவை தையல் பிரிக்க முடியாது.